பிழைச்செய்தியும் என் அவசரமும்

1999 ஏப்ரல் 26. பம்மலில் எங்கள் இல்லத்துக் கணினி, இயக்க வட்டைச் செருகுமாறு மீண்டும் மீண்டும் பணித்தது. மின்தடையைப் பழித்தேன். உண்மையில், தைவானின் சென் இங்-ஹாவ் மாணவப் பருவத்தில், 1998இல் எழுதிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் விழித்தெழும் நாள் அது. கோப்புகளின் வெற்றிடங்களில் ஒளிந்துகொள்வதால் அவற்றின் அளவும் மிகுவதில்லை. எனக்கு எங்ஙனம் புலப்படும்?

என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அவ்வட்டில் இருந்தன. பழுதுபார்க்க வந்த இளைஞர், அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா என்றார். இசைந்தேன். அந்நிரல் வட்டின் தொடக்கத்தில் ஒரு மெகாபைட் அளவையே அழிக்கும், எஞ்சியவற்றைப் பெரும்பாலும் மீட்கலாம் என்பதைப் பின்னரே படித்தறிந்தேன்.

கையெழுத்துப்படியா? தட்டச்சு முடிந்த மகிழ்ச்சியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன். இயல்களை மீள எழுதி முடிப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது.