கூழில் தங்கிய மை

புதுச்சேரியின் திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவன் நான். வில்லியனூர் சுடுமண் வேலைக்கு இருப்பதுபோல் எங்கள் தொழிலுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழைய செய்தித்தாளை ஊறவைத்து இடித்து, சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்துவோம். காய்ந்ததும் முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசுவோம். கண் எழுதித் திறப்பது கடைசியில்தான்.

போன கோடையில் பக்கத்து வீட்டுப் பையன் காமிக்ஸ் புத்தகத்தோடு வந்து, கேப்டன் அமெரிக்கா வேண்டுமென்றான். அப்பா காலத்துக் காவல்வீரன் அச்சிலேயே கூழை அழுத்தினேன். வாளுக்குப் பதில் கேடயம், தலைப்பாகைக்குப் பதில் முகமூடி. கண் திறக்கப் போனபோது கை நின்றுவிட்டது. இவன் யாரை முறைக்கிறான்? அது தெரியாமல் கண் எழுத வராது.

ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் 1940இல் படைத்த இந்த வீரன், முதல் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்தினான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை. 1954இல் அவனுக்குக் கம்யூனிஸ்டுகள் எதிரி. வாட்டர்கேட் ஊழல் நாட்டையே உலுக்கிய 1974இல், சதியின் வேர் வெள்ளை மாளிகையிலேயே இருக்கக் கண்டு, அந்தப் பெயரையே துறந்தான். அச்சு ஒன்றுதான், பூச்சுதான் மாறியது.

அதே 1954 நவம்பர் 1இல்தான் எங்கள் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டு வந்தது. அந்தப் போராட்டத்தில் முன்நின்ற வ. சுப்பையா ஒரு கம்யூனிஸ்ட். அங்கே வில்லனுக்குப் பூசிய சிவப்பு, இங்கே விடுதலைக்கு நின்றவரின் கொடி.

நான் சிறுவயதில் விழுந்து விழுந்து படித்தது இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். 1962இல் பிரிட்டன் காமிக்ஸில் பிறந்தபோது அந்தக் கை குற்றத்துக்குத்தான் நீண்டது; பிறகுதான் உளவுப்படையில் சேர்ந்தது. பனிப்போர்க் காலம் அது, உளவாளிதான் வீரன். எங்களுக்கு அந்த அரசியல் தெரியாது, கை மட்டும் தெரிந்தது.

செய்தித்தாளைக் கூழாக்கினால் எழுத்து கரைந்துபோகும், மை போகாது. கூழ் முழுக்கச் சாம்பல் நிறம் ஏறிவிடும். வெளிப்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் உடம்பு அந்த நாளின் செய்திதான். வீரர்களும் அப்படித்தான்.

பையனையே கேட்டேன்: "இவன் யாரை எதிர்த்து நிக்கணும்பா?"

"ஆத்துல மண்ணு அள்ளுறவங்கள, மாமா."

சங்கராபரணி ஆறு இருக்கும் திசையைப் பார்த்துக் கண் திறந்தேன்.