மருந்தின் நான்காம் கூறு

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நின்றுவிடவில்லை. அருகிருந்து மருந்தைக் கொடுக்கும் 'உழைச்செல்வான்' என்பானையும் நான்காவதாக நிறுத்துகின்றார். கல்லூரியில் இக்குறளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற யாம், அந்நான்காமவன் எதற்கு என்பதை நாற்பத்தாறாம் அகவையில், எம் அன்னையாரின் வீட்டுத் திண்ணையில்தான் உணர்ந்தோம்.

எம் அன்னையார் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கின்றார். இரத்த அழுத்தம் மிகுதி என்று மருத்துவர் மாத்திரை எழுதித் தந்து பல ஆண்டுகள் ஆயின. தலைச்சுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். "நோய்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு?" என்பது அவர் வாதம். யாமோ பெங்களூரிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பினோம். கடமை முடிந்ததென்று எண்ணினோம். மாத்திரை உண்டாரா என்று கேட்க அருகில் ஒருவருமில்லை.

2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் நாள், அதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், அழுத்தம் அளக்கும் கருவியோடு வீடு தேடி வரலானார். அளந்து குறித்துக்கொண்டு, மாத்திரையையும் கையிலேயே கொடுத்தார். இத்திட்டம் 2024 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது. எம் அன்னையார் விருதை அறியார். "அந்தப் பெண் மீதி மாத்திரையை எண்ணிப் பார்க்கிறாள், ஏமாற்ற முடியவில்லை" என்று எம்மிடம் குறைபட்டுக்கொண்டார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் யாம் ஊரில் இருந்தபோது அப்பெண் வந்தார். "அண்ணா, நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றார். சிரித்துக்கொண்டே நீட்டினோம். கருவி காட்டியது 168/104. சற்று ஓய்ந்திருந்து மீண்டும் அளந்தபோதும் பெரிதும் குறையவில்லை. மைய அரசின் மருத்துவ அட்டை எம் சட்டைப்பையில் இருந்தது. அலுவலகத்திற்கு அருகிலேயே மருந்தகமும் இருந்தது. ஒருநாளும் அளந்து பார்த்தோமில்லை. அன்னையார் சிரிக்கவில்லை. "எனக்காவது இவள் வருகிறாள். அங்கே உன்னை யாரப்பா கேட்கிறார்கள்?" என்றார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை.

அழுத்தம் 140/90 என்னும் அளவைத் தொடர்ந்து எட்டினாலோ கடந்தாலோ அது நோயாகும். பெரும்பாலும் அது வலியோ அறிகுறியோ இன்றி மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சிதைக்கின்றது. இந்நோய் உடைய ஐவரில் நால்வர் போதிய சிகிச்சை பெறவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023 இல் அறிவித்தது. இத்தனைக்கும் மாத்திரை விலை மலிந்தது. நம் நாட்டில் 2017 இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியும் இக்குறையை உணர்ந்தே செயற்பட்டது. எங்கும் ஒரே எளிய சிகிச்சை முறை, தட்டுப்பாடில்லா மருந்து, செவிலியரும் பங்கேற்கும் பணி, தவணைக்கு வாராதவரைக் கண்டறியும் பதிவு ஆகியவை அதன் தூண்கள்.

மருந்தோடு உணவும் மாறவேண்டும். பின்லாந்தின் வட கரேலியாப் பகுதியில் இதயநோய்ச் சாவுகள் மலிந்திருந்தமையால் 1972 இல் ஒரு மக்கள் திட்டம் தொடங்கிற்று. மருத்துவர்களோடு இல்லத்தரசியர் சங்கமும் கைகோத்து, வெண்ணெயையும் உப்பையும் குறைத்துச் சமைக்க ஊராருக்குக் கற்பித்தது. காலப்போக்கில் அங்குச் சாவுகள் பெரிதும் குறைந்தன. நாம் என் செய்கின்றோம்? ஊரிலிருந்து திரும்புகையில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எனப் பாசத்தோடு உப்பையும் கட்டிக்கொண்டு வருகின்றோம். நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது என்பது மேற்சொன்ன உலக நிறுவனத்தின் அறிவுரை.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் வாழும் நம்மவர்க்கு மருத்துவமனை அரிதன்று. மாநகரில் 'நம்ம கிளினிக்' என்னும் இலவச மருத்துவ நிலையங்களும் உள்ளன. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அரியது, வினவும் ஆள். ஆகவே அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் மாதக் கூட்டத்தன்று ஒரு மேசை, ஓர் அளவுகருவி, ஒரு குறிப்பேடு வைப்போம். அளவு மிகுந்தோரை மருத்துவரிடம் அனுப்புவோம். அடுத்த மாதம் வாராதவரின் வீட்டிற்கு நம் இளைஞர் இருவர் சென்று கேட்கட்டும். அவ்விருவரும் வள்ளுவர் கூறிய நான்காமவர் ஆவர்.

அதுவரை எமக்கு ஒருவர் உளர். ஞாயிறுதோறும் ஊரிலிருந்து தொலைபேசி ஒலிக்கின்றது. முன்னெல்லாம் அன்னையார், "சாப்பிட்டாயா?" என்று தொடங்குவார். இப்போது அவர் கேட்கும் முதல் வினா, "மாத்திரை போட்டாயா?" என்பதே.