பெயர் எழுதாத வளைவு

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊர் ஆலயத்தைக் கட்டிய கொத்தனார்களுள் என் தந்தையும் ஒருவர். முகப்பு வளைவு அவரது கைவேலை. ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட நாளில் கல்வெட்டை வரிவரியாகப் படித்தேன். அடிக்கல் நாட்டியவர், நன்கொடை தந்தவர்கள் எல்லாரும் இருந்தனர், அப்பா இல்லை. பதினாறு வயதுச் சினத்தோடு அவரிடம் முறையிட்டேன். "பேரா லே சுவரத் தாங்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பல ஆண்டுகளுக்குப் பின், கண் சிகிச்சைக்காக அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். நெல்லை எக்ஸ்பிரஸ் எங்களை எழும்பூரில் இறக்கிவிட்ட காலைப்பொழுது அது. வெளியே வந்தவர் திரும்பி நின்றார். சிவப்பும் வெண்மையும் கலந்த அந்த முகப்பையும், வளைவுகளையும், குவிமாடங்களையும் மங்கிய கண்களால் அண்ணாந்து பார்த்தார். "யாருலே கட்டினது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ முறை அவ்வழியே நடந்தவன், ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவின் பெயரைப் பிறர் கேட்கவில்லையென்று கொதித்தவனும் நான்தான்!

பின்னர் தேடிப் படித்தேன். வரைந்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் அரசப் பிரதிநிதியின் மாளிகையை 1888-இல் முடித்தவர். பிராசிங்டன் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்ற வரைவைத் திருத்தி, 1892-இல் நிறைவு கண்டவர். 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும், 1912-இல் முடிந்த மைசூர் அரண்மனையும் அவர் வரைந்தவையே. எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. வரைவுக்குக் கட்டட உருவம் தந்த ஒப்பந்ததாரர் பெங்களூர் சாமிநாதப் பிள்ளை. இர்வின் 1922-இல் மறைந்தார்.

இவ்வளவையும் அறிந்து முடித்தபோது, கேள்வி கேட்டவர் கல்லறையில் துயின்றுகொண்டிருந்தார்.

நம் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் ஆற்றுப்பாலம் 1843-இல் கட்டப்பட்டது. பொருள் ஈந்த சுலோசன முதலியாரின் பெயர் இன்றும் அதற்கு நிலைத்திருக்கிறது; அது தகும். வரைந்த கேப்டன் பேபரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அதன் 11 வளைவுகளுக்கும் கல் சுமந்தவர்கள், காரை பூசியவர்கள்? ஈந்தவர் நினைவில் நிற்கிறார். வரைந்தவர் ஏட்டில் நிற்கிறார். உழைத்தவரோ சுவருக்குள் மறைந்துவிடுகிறார்.

அண்மையில் எங்கள் பங்கில் மணிக்கூண்டு ஒன்று எழுப்பினோம். வேலை செய்தோர் பெயர்களையும் கல்வெட்டில் பொறிக்க வேண்டினேன். கல்லில் இடமில்லை என்றனர். அப்படியானால் பங்கின் பதிவேட்டிலாவது எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள்: கொத்தனார், சித்தாள், சாரம் கட்டியவர் என 23 பெயர்கள். தம் பெயரைத் தாமே எழுத அறியாத ஒரு மூதாட்டி, எழுதிய இடத்தைக் காட்டச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தார்.

சுவரைப் பெயர் தாங்குவதில்லை என்ற அப்பாவின் சொல் உண்மையே. ஆயினும் அந்த விரலைக் கண்டபின், அவர் பெயரையும் எழுதியிருக்கலாம் என்றே என் மனம் சொல்கிறது.