நிலம் நகர்ந்தது, கல் நகரவில்லை

சென்ற பொங்கலுக்கு நம் தங்கை மகன் சென்னையிலிருந்து சௌல்தாரிக்கு வந்திருந்தான். பெருநகரத் தெருக்களைக் கணினியில் வரைபடமாக்குவது அவன் உத்தியோகம். காரின் கூரைமேல் அமர்ந்த கருவி விநாடிக்கு இலட்சக்கணக்கான லேசர்க் கதிர்களை வீசுமாம். அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு விளக்குக் கம்பம், நடைபாதை விளிம்பு, சாக்கடை மூடி யாவும் எங்கெங்கே உள்ளன என்று குறித்துவிடுமாம். கேட்டு வியந்தோம். 1802-ஆம் ஆண்டில் அதே சென்னையில், பரங்கிமலையருகே, லாம்டன் துரை சங்கிலி பிடித்துச் சுமார் 7.5 மைல் அடிக்கோடு அளந்த காலம் எங்கே, இக்காலம் எங்கே!

"அப்படியாயின், உன் தாத்தா உழுத வயலின் மூலைக்கல்லைக் காட்டு, தம்பி" என்றோம். 2004-இல் உப்புநீர் ஏறிய அவ்வயலின் எல்லை நமக்கே மறந்துபோயிருந்தது.

அவன் சிரிக்கவில்லை. "மாமா, அந்த டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில், அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரமே சுமார் 3 மீட்டர் தென்மேற்காக நகர்ந்தது, ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. ஆகவே அதற்கு முன் செயற்கைக்கோள் கொண்டு குறித்த இடம் எதுவும் இன்று பொருந்தாது. சென்னைத் தெருவில் 3 மீட்டர் பிசகினால் விளக்குக் கம்பம் நடுவீதிக்கு வந்துவிடும். வரைபடத்துக்கு அளவு எத்தனை முக்கியமோ, அளந்த தேதியும் அத்தனை முக்கியம். ஆனால் நிலம் ஒருசேர நகர்ந்ததால், கிணற்றுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள தூரம் மாறியிராது" என்றான்.

திண்ணையிலிருந்த நம் அன்னையார், "கிணற்றிலிருந்து தெற்கே நாற்பது எட்டு, உங்கள் தாத்தாவின் எட்டு" என்றார். நீர் வடிந்த வேளையில் இறங்கினோம். தாத்தாவின் உயரமே பேரனுக்கும். அவனே எட்டு வைத்தான். சேற்றில் செலுத்திய கோலில் கல் தட்டியது. அவ்விடத்தையும் அன்றைய தேதியையும் அவன் கருவியில் பதிந்துகொண்டான். கரையில் நின்ற அன்னையார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே, கருவி நம் ஊருக்கும் வரட்டும், வரவேற்போம். ஆயினும் எந்தக் கல் யாருடையது என்பதை அது அறியாது. அறிந்த முதியோர் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்களை உடனழைத்து, ஒருமுறை நடந்து, தேதியிட்டு எழுதி வைப்போமாக.