கங்கைக் கரையில் நடராஜா சர்வீஸ்!

பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கைகோத்து 'கங்கை'ன்னு பேர் வாங்கிக்குது. அங்கிருந்து கொஞ்சம் கீழே கௌடியாலா. ரிஷிகேஷுக்கு ஆற்று வழியில் சுமார் 36 கி.மீ. நாங்க ஆறு பேர், ஒரு ரப்பர் படகு, ஒரு கைடு அண்ணன். ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்க, தண்ணியோ ஐஸ்!

ஆறு பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் இடத்துக்குப் பேர் 'ரேப்பிட்'. 1 முதல் 6 வரை கிரேடு உண்டு. 1-ன்னா தாலாட்டு. 6-ன்னா உயிரோட விளையாட்டு. இந்தப் பாதையிலேயே முரட்டு ஆள், கிரேடு 4 'தி வால்'. பேருக்கேத்த மாதிரி, மொத்த ஆறும் பாறைச் சுவரில் போய் முட்டித் திரும்புது.

அதுக்கு முன்னாடியே படகைக் கரை ஒதுக்கிட்டார் அண்ணன். பாறை மேலே ஏறி நின்னு ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டார். மூழ்கின கட்டை ரொம்ப நேரம் கழிச்சு, எங்கேயோ தள்ளித்தான் தலை காட்டுச்சு. எங்க அடிவயித்துல ஐஸ்கட்டி!

அப்புறம் மூணு கேள்வி கேட்டார். படகு போற வழி முழுக்க கண்ணுக்குத் தெரியுதா? கவிழ்ந்தா கீழே அமைதியான தண்ணி இருக்கா, இல்லை அடுத்த ரேப்பிட்டா? விழுந்த ஆளைக் கயிறு வீசி இழுக்கக் கரையில ஆள் நிக்க இடம் இருக்கா? ஒண்ணுக்கு 'இல்லை'ன்னு பதில் வந்தாலும் நடராஜா சர்வீஸ்தான்.

"போன மாசம் போனவங்க ஜம்முனு போனாங்களாமே?"ன்னு இழுத்தான் நண்பன். "பனி உருகுது, மேலே அணையில தண்ணி விடறாங்க. அன்னிக்கு ஓடின ஆறு இல்லை தம்பி இது"ன்னார்.

"மச்சி, இதுக்காடா ரெண்டு நாள் ரயில்ல வந்தோம்?"னு ஒருத்தன். யாரும் வாய் திறக்கலை. பயம்னு சொன்னா ஹாஸ்டல்ல வருஷம் பூரா ஓட்டுவாங்களே! கடைசியில, எப்பவும் பேசாத எங்க 'அமைதிப்புறா'தான் சொன்னான்: "எனக்கு நீச்சல் தெரியாதுடா. நான் நடக்கறேன்." அடுத்த நொடி நாலு பேர் "நானும்"! அதுல ஒரு குரல் என்னுது.

"ஒருத்தர் வேணாம்னாலும் படகு போகாது. அதான் ஆத்தோட சட்டம்"னு சிரிச்சார் அண்ணன். படகைத் தூக்கிக்கிட்டு, பாறைகளில் வழுக்கி, முட்டி சிராய்ச்சு, அந்தப் பக்கம் இறங்க அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்'னு கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போச்சு!

ரிஷிகேஷில் சூடா சாய் குடிக்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஆறு பேர் கிளம்பினோம், ஆறு கிளாஸ் காலி. கங்கை எங்கேயும் போகாது பாஸ், அடுத்த வருஷமும் ஓடும். நாமளும் இருக்கணும்ல?