இடுக்கியால் பறித்த கீரை

உத்தராகண்டின் கட்வாலில், ஊக்கிமட்டுக்கு மேலே ஓர் ஒற்றையடிப் பாதையில் கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்ட செடியைப் பிடித்தேன். தேள் கொட்டியவன்போல் அலறினேன். இந்தியில் அதற்குப் பெயரே பிச்சு காஸ், தேள் புல். கட்வாலிகளுக்குக் கண்டாலி. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, மேல் வரப்பில் நின்று ஒரு மூதாட்டி வயிறு குலுங்கச் சிரித்தது மட்டும்தான்.

சுருக்கென்று கோபம். எங்கள் கரிசல் காட்டில் செந்தட்டி பட்டு அழுதால் ஆத்தா சாணியைக் கரைத்துக்கொண்டு ஓடிவருவாள். (செந்தட்டி ஆமணக்குக்குச் சொந்தம், இது வேறு குடும்பம். அரிப்பு ஒன்றுதான்.) மலைக்காரர்களுக்கு ஈவிரக்கம் கிடையாது என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

"வா பேட்டா, உன்னைக் கடித்ததை நீ கடிக்க வேண்டாமா?" என்றார்.

இடுக்கியால் கொழுந்தைப் பிடித்து, அரிவாளால் அறுத்துக் கொதிநீரில் போட்டார். அந்தச் செடியின் மயிர் ஒவ்வொன்றும் கண்ணாடி ஊசி. தொட்டால் நுனி ஒடிந்து ஹிஸ்டமினைத் தோலுக்குள் ஏற்றும். வெந்துவிட்டால் அந்த வீராப்பெல்லாம் போச்சு. கடைந்த கீரை கரும்பச்சையாக, வழவழவென்று வந்தது. தாளிப்பில் பொரிந்தது கடுகு என்று நினைத்தேன். ஜக்கியா என்றார். நாம் காட்டில் களையென்று பிடுங்கி எறிகிற நாய்க்கடுகுதான் அது என்று பிறகு ஒரு நண்பர் சொன்னபோது வெட்கமாக இருந்தது. தொட்டுக்கொள்ள மண்டுவா ரொட்டி. நம் கேழ்வரகேதான். நான்கு தின்றேன். கோபம் எத்தனையாவது ரொட்டியில் தீர்ந்ததென்று கவனிக்கவில்லை.

சாப்பிட்டதும் அவர் பச்சைக் கண்டாலிக் கொத்து ஒன்றை இடுக்கியில் எடுத்து, வீங்கிய தன் முட்டியில் பளார் பளாரென்று அறைந்தார். இப்போது சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "ரத்தம் ஓடும்" என்றார். எனக்கு அது மூடநம்பிக்கையாகத்தான் பட்டது. ஊர் திரும்பித் தேடினால், இதே இனத்துச் செடியின் இலையைப் பெருவிரல் மூட்டுவலிக்காரர்கள் 27 பேர் கையில் வைத்துப் பார்த்து, வலி குறைந்ததாக 2000-இல் பிரிட்டன் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தோல் தடித்துச் சிவந்ததும் கொத்தை என் பக்கம் நீட்டினார்.

"உனக்கு முட்டி வலிக்கிறதா, பேட்டா?"

ஏறிவந்ததில் வலது முட்டி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"இல்லை மாஜி" என்றேன்.