பாட்டி சிலையான கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாமியார் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, டெல்லிப் பேத்தியுடன் வீடியோவில் பேச உட்கார்ந்தார். இரண்டே நிமிஷம்! "பாட்டி, ஏன் சிலை மாதிரி உக்காந்திருக்கே?" என்றது குழந்தை. அப்புறம் குரலும் போயிற்று.

குற்றவாளி உள்ளறையில் இருந்தார். வேறு யார், என் கணவர்தான்! காலஞ்சென்ற மாமனாரின் படங்களும் குரலும் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்று சத்தமிடத் தொடங்கியிருந்தது. புதியது வாங்கலாமென்றால் கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே 200 ஜிபியையும் பெங்களூரில் மைத்துனரின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் இன்டர்நெட்டில் உள்ளே வருவது 100 மெகாபிட். வெளியே போவதோ 20தான். கணக்குப் பார்த்தால் 22 மணி நேரம்! வழி முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டால் மாமியார் முகம் எப்படிப் போகும்?

"நிறுத்துங்களேன்!"

"டிஸ்க் இன்றைக்கே போய்விட்டால்?"

அதுவும் நியாயம்தானே!

'ஆர்சிங்க்' என்ற அந்தப் புரோகிராமில் வேகத்துக்குக் கடிவாளம் உண்டாம். விநாடிக்கு ஒரு மெகாபைட், அதாவது 8 மெகாபிட் என்று கட்டினார். பாட்டிக்கு உயிர் வந்தது! இரவு பத்து மணிக்குக் கடிவாளத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். போன கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்பிற்று.

செவ்வாய்க்கிழமை மைத்துனர் போன் செய்தார். அப்பாவின் குரல் பத்திரமாக வந்துவிட்டதாம்.

"எங்கே, கொஞ்சம் போடச் சொல்லேன்" என்றார் மாமியார்.